கீழ் டிவிசன் கரத்தைச் சங்கம்

ஏஞ்சலினுக்கு அட்டை என்றால் பயம். நாய் என்றால் பயம். லயத்து வீட்டு வரிசையின் கோடியில் ஒரு வாத்து இருந்தது, அதற்கும் பயம். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில், கீழ் டிவிசனில், தினமும் பால் வெட்டப் போகிறவளுக்கு அட்டைப் பயம் இருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? நடந்தது, சத்தத்தோடு நடந்தது. பத்து மரத்துக்கு ஒருமுறை வெட்டுக் கத்தியை உயர்த்திப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தட்டித் தட்டி "ஐயோ, ஐயோ" என்று கத்துவாள். பக்கத்து வரிசையில் வெட்டுகிறவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எத்தனையாவது மரத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளைத்தான், ஆளைத் தூக்கி அடித்தவள் என்று தோட்டமே நம்பிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இருபத்தைந்து வயதுக்கு முன்னால் அவள் அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு வைத்தார்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு பனிஸும் பிளேன்டீயும் கொடுப்பார்கள். பனிஸுக்காகப் போகத் தொடங்கிய ஏஞ்சலின், வருஷக்கணக்காகப் பனிஸ் சாப்பிட்டதில் பச்சை பெல்ட் வரை வந்துவிட்டாள். அந்த நாட்களில் ஒரு சுப்பர்வைசர் அவளைத் திட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். தரையில் கிடந்த நூல்கட்டை ஒன்றில் கால் வைத்தார். மல்லாக்க விழுந்தார். விழுகிறவரைப் பிடிக்கலாமே என்று ஏஞ்சலின் ஒரு கையை நீட்டினாள். தூரத்தில் மெஷினில் இருந்த ஐம்பது பேருக்கும் நீட்டிய கையும் விழுந்த ஆளும்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து அந்தச் சுப்பர்வைசர் அவளோடு பேசும்போதெல்லாம் நாலடி தள்ளி நின்றார்.

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம், அந்தக் கார்மெண்ட்ஸ் மூடிக்கொண்டது. ஏஞ்சலின் ஒரு சூட்கேஸ், ஒரு வெள்ளைக் கராத்தே உடுப்பு, ஒரு பச்சை பெல்ட் ஆகியவற்றோடு லயத்துக்குத் திரும்பினாள். கூடவே அந்தக் கதையும் வந்தது. அவளுடைய அம்மா தெரேசம்மா அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். முதலில் ஒரு சுப்பர்வைசர் விழுந்தார். கிறிஸ்மஸுக்குள் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள்.

இப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு கிருஷாந்த் என்ற இளைஞர் அலுவலர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு படிவம், கண்ணில் அழுகை வராத குறை. மாத முடிவுக்குள் டிவிசனுக்கு ஒரு இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஆரம்பித்துக் காட்டவேண்டும் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு.

"கிரிக்கெட் டீம் ஒண்ணு போடலாமா?" என்று கேட்டார்.

"கிரவுண்டு எங்க சேர் இருக்கு? எல்லாம் சரிவு. இங்க ஒரு சிக்ஸ் அடிச்சா, பந்த தெஹியோவிட்ட டவுன்ல போயித்தான் பொறுக்கணும்" என்றார் கங்காணி.

"அப்ப வொலிபோல்?"

"அந்தப் போலும் உருளுற போல்தானே சேர்."

கிருஷாந்த் படிவத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் தெரேசம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஏஞ்சலினுக்குக் கராட்டி தெரியும் சேர். கார்மெண்ட்ஸ்ல ரெண்டு சுப்பர்வைசருங்கள தூக்கி அடிச்சவ."

"அம்மா!" என்று ஏஞ்சலின் பல்லைக் கடித்தாள்.

தெரேசம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "மன்னிச்சிக்கங்க சேர். மூணு பேராம்."

கிருஷாந்தின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "மிஸ் பிளக் பெல்ட்டா?"

"பச்சை சேர்."

"பச்சைங்கிறது கறுப்புக்கு மேலயா, கீழயா?"

கீழே, வெகு கீழே என்று சொல்ல ஏஞ்சலின் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ரப்பர் ஆலை ஸ்டோரில் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் கிருஷாந்த் 'பயிற்றுநர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டார்.

வகுப்பு நடத்த இடம் கொடுத்தவர் யோகராஜ். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவது அவர் வேலை. புதுப் புகை அறை கட்டிய பிறகு பழைய காம்பரா சும்மா கிடந்தது. தோட்டத்துத் தொரையிடம் கேட்டுச் சாவியை வாங்கி, ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிப் போட்ட ரப்பர் ஷீட்டுகளைப் பலகைத் தரையில் மெத்தை போல விரித்துவிட்டார். நல்ல மெத்தைதான். ஆனால் வெயில் ஏற ஏற ஒட்டும். காலைத் தூக்கினால் ஷீட்டும் கூடவே எழும்பும். முப்பது வருஷப் புகை சுவரில் உறைந்திருந்த காம்பரா அது. உள்ளே அரை மணி நேரம் நின்றால் கருவாடு மாதிரி மணக்கத் தொடங்கிவிடுவார் மனிதர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். அதில் டெனிஸ்டனுக்குப் பதினெட்டு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஊரார் திரீவீல்களைக் கழுவிக்கொண்டிருந்தவன். டவுனில் நடக்கிற ஒரு கராத்தே வகுப்புக்கு அவன் ஒருமுறை போயிருக்கிறான். உடுப்பு எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே, பள்ளிக்கூடக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். மூன்றும் அவனிடம் இல்லை. அதனால் ஒரு மாதம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டான். எதிரே நின்று பார்த்ததில் அவனுக்கு இடது எல்லாம் வலதாகிவிட்டது. ஏஞ்சலின் எல்லாரையும் வலது பக்கம் திரும்பச் சொன்னால் எட்டுப் பேர் ஒரு பக்கம் திரும்புவார்கள், டெனிஸ்டன் தனியே நின்று அவர்களை வழிமறிப்பான்.

இரண்டு பெண்பிள்ளைகள் தம்பி தங்கச்சிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அப்பா வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்கிற பொறுப்பு அவர்களுடையது. அதனால்தான் அவர்களை எந்த வகுப்பும் சேர்த்துக்கொண்டதில்லை. "கைக்குழந்தையோட உதைக்க முடியுமாக்கா?" என்று கேட்டார்கள். கராத்தேயில் அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று ஏஞ்சலின் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. "மெதுவா உதைங்க" என்றாள்.

யோகராஜின் மகள் சசியும் வந்திருந்தாள். பதினேழு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. ஏழு வயதில் தூரத்தில் இருக்கிற ஒரு விசேட பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு மாதம் அழுதாள், திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதோடு அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. வீட்டில் சமைப்பாள், விறகு கொண்டுவருவாள். ஆனால் லயத்தில் ஒவ்வொருவருக்கும் அவள் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தாள். கங்காணிக்குத் தொந்தியைத் தடவிக் காட்டுவாள். ஏஞ்சலினுக்குக் கணுக்காலிலிருந்து எதையோ பிய்த்து வீசி, கண்ணை முட்டையாக்கிக் காட்டுவாள். யாரைச் சொல்கிறாள் என்று எவருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

பிள்ளைகள் ஏஞ்சலினை எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. கராத்தே சொல்லிக் கொடுக்கிறவரை 'சென்செய்' என்பார்கள் என்று அவள் சொன்னாள். வாசலில் நின்ற தெரேசம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னத்தடி செஞ்ச? வந்த மொத நாளே என்னத்த செஞ்ச?" அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கராத்தேயில் ஜப்பான் மொழியில்தான் எண்ணவேண்டும். ஏஞ்சலின் ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொரு குத்தாகக் குத்திக் கத்தினார்கள்.

"இச்சி! நீ! சான்! ஷீ! கோ! ரொக்கு! சிச்சி! ஹச்சி! க்யூ! ஜூ!"

வெளியே யோகராஜ் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள, நல்ல காரியம் செய்யிறப்ப எதுக்கு சீ, சிச்சிங்கிறீங்க?"

"அது ஏழு மாமா. ஜப்பான்ல ஏழுக்கு சிச்சி."

"ஏழப் பாத்து அவனுக்கு என்னா அப்பிடி ஒரு அருவருப்பு?"

"தெரியல மாமா."

"அப்பறம் யாருக்கோ தும்மல் வந்திச்சே?"

"அது எட்டு."

"க்யூவுல வேற நிக்கச் சொல்ற. இன்னும் பெட்ரோல் பிரச்சினை முடியலயா?"

சசிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் எண்ணுவது கேட்காமல் மற்றவர்களோடு சேர்ந்து குத்துவது எப்படி? ஏஞ்சலின் ஒரு ஞாயிறு முழுக்கக் கையை ஆட்டிப் பார்த்தாள், பெல்ட்டை வீசிப் பார்த்தாள். பிறகு தற்செயலாக ஒரு அட்டை அவள் கால் விரலில் ஏறியது. "ஐயோ" என்று காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள். அந்தக் கணமே சசி ஒரு குத்து விட்டாள். பலகைத் தரை அதிர்ந்தது அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஏஞ்சலின் வாயால் எண்ணும்போதே காலாலும் எண்ணினாள். ஒரு மாதத்தில், எல்லாரிலும் தாளம் தப்பாமல் குத்துகிறவள் சசிதான் என்றாகிவிட்டது.

கத்துவதற்கும் ஒரு நாள் வந்தது. குத்தோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடவேண்டும், அதற்குக் 'கியாய்' என்று பெயர். ஏஞ்சலின் சசியின் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, முடிந்த மட்டும் கத்திக் காட்டினாள். சசி தலையாட்டினாள். மூச்சை இழுத்தாள். விட்டாள்.

கூரையில் தொங்கிய வௌவால்கள் பட்டப்பகலில் கிளம்பிப் போயின. இடுப்புக் குழந்தைகள் இரண்டும் வாய் மூடிக்கொண்டன. டெனிஸ்டன் முதல் தடவையாகச் சரியான பக்கம் திரும்பினான். வெளியே யோகராஜ் கையிலிருந்த சாவிக் கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பதினேழு வருஷத்தில் அவர் மகளின் முழுக் குரலைக் கேட்டதில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். "இவ்வளவு சத்தத்தையும் எங்க புள்ள வச்சிருந்த?" என்றார். அவளுக்கு அது கேட்காது. அவர் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், இன்னும் பலமாக ஒரு தடவை கத்தினாள். அந்த வாரம் முழுக்க லயத்து மரவள்ளித் தோட்டத்துக்குப் பன்றி வரவில்லை. புதன்கிழமை இரண்டு பேர் யோகராஜிடம் வந்து, மகளைக் கொஞ்சம் மேட்டு லயத்துப் பக்கமும் அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஏஞ்சலினுக்கு ஒரு கவலை இருந்தது. அதற்குக் காரணம் 'காத்தா'. இல்லாத எதிரியோடு ஒரு ஒழுங்கு வரிசையில் சண்டை போடுவதற்குப் பெயர் காத்தா. ("இருக்கிற எதிரி பத்தாதா?" என்று தெரேசம்மா கேட்டாள்.) முதலாவது காத்தா அவளுக்கு முழுசாகத் தெரியும். இரண்டாவது பாதிதான். பாதியில் நிற்கும்போது கார்மெண்ட்ஸை மூடிவிட்டார்கள்.

"அக்கா, இதுக்கப்பறம்?" என்று டெனிஸ்டன் கேட்டான்.

"மொதல்ல இத ஒழுங்கா செய்ங்க."

மூன்று ஞாயிறு இப்படிச் சமாளித்தாள். பிறகு டெனிஸ்டன் போனில் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று கோயில் பாறைக்கு ஏறினான். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். வீடியோ இரண்டு அடி நகரும், வட்டம் சுற்றும், நிற்கும். டெனிஸ்டன் பார்த்தபடியே கற்றுவந்து செய்து காட்டினான். ஒரு உதை உதைத்தான், காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு இருபது எண்ணும் வரை அசையாமல் நின்றான், விழுந்தான்.

"இது காத்தாவா, இல்ல சிக்னல் இல்லாததா?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

"அதுதான் எனக்கும் தெரியலக்கா."

ஒன்பது முகங்கள் அவளைப் பார்த்தன. எங்கும் சேர்க்காத பிள்ளைகள். எனக்கும் தெரியாது என்று அவர்களிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. பாதி வரை செய்தாள், அதன் பிறகு உடம்பு போன போக்கில் விட்டாள். உடம்புக்குத் தெரிந்தது ஒரே வேலை. மரத்தடியில் குனிவது போலக் குனிந்தது. இடது மேலிருந்து வலது கீழாகக் கத்தி போடுவது போலக் கை சாய்ந்து இறங்கியது. பால் பிடிக்கிற சிரட்டையைத் துடைத்தது, வைத்தது, வாளியைத் தூக்கியது, திரும்பியது. கடைசியாக, அவளை அறியாமல், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தட்டியது.

"சூப்பர் காத்தாக்கா" என்றான் டெனிஸ்டன்.

உண்மையை அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு ஒன்பது பேரும் அதைத் தப்பில்லாமல் செய்து காட்டினார்கள். அதன் பிறகு எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் கிருஷாந்த் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பம் அனுப்பியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் அடித்த விண்ணப்பம் அது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடித உறையின் மேலேயே 'கீழ் டிவிசன் இளைஞர் கரத்தைச் சங்கம்' என்று போட்டிருந்தது. கரத்தை என்றால் மாட்டு வண்டி. உள்ளே ஒரு படிவம். சங்கத்தில் உள்ள மாடுகளின் எண்ணிக்கை எத்தனை? சக்கரங்கள் மரமா, டயரா? மாடுகளுக்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்ட திகதி என்ன?

ஏஞ்சலின் அதை இரண்டு தரம் படித்துவிட்டு வியர்த்துப்போனாள். கிருஷாந்துக்குப் போன் எடுத்தாள். "ரெண்டு எழுத்துத்தான் மிஸ் மாறிப் போச்சி" என்றார் அவர். "பேர மாத்தணும்னா மூணு மாசம் ஆகும். கேகாலையில போட்டி அஞ்சி வாரத்துல இருக்கு. இப்பதைக்குக் கரத்தையாவே இருப்போம்."

டெனிஸ்டன் படிவத்தை நிரப்பினான். மாடுகள்: ஒன்பது. ஊசி: எல்லாருக்கும் போட்டாயிற்று, கொரோனாவுக்கு. சக்கரம்: இன்னும் இல்லை.

அதற்கும் பதில் வந்தது. இருட்டில் வண்டிகள் விபத்துக்குள்ளாகாமல் இருக்க, கரத்தைக்குப் பின்னால் ஒட்டுகிற பத்துச் சிவப்பு ஒளிச் சதுரங்களை அனுப்பியிருந்தார்கள். வீணாக்குவானேன் என்று பிள்ளைகள் அவற்றை உடுப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டார்கள். உடுப்பு என்றால் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைதான். ஒட்டிய பிறகு ஏதோ ஒரு சங்கம் மாதிரித் தெரிந்தது.

போட்டி நாளன்று காலை பஸ் ஏறினார்கள். யட்டியாந்தோட்டை தாண்டுவதற்குள் கண்டக்டர் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார். ஏதோ எரிகிறது என்று சிங்களத்தில் கத்தி பஸ்ஸை நிறுத்தினார். டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார், டயர்களைத் தொட்டுப் பார்த்தார். பயணிகளும் இறங்கித் தேடினார்கள். கீழ் டிவிசன் ஆட்கள் பத்துப் பேரும் சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எரிவது தங்கள் சட்டைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய மனசு பண்ணி டெனிஸ்டன் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டான்.

மண்டபத்தில் ஒலிபெருக்கியில் 'கரத்த சமிதிய', கரத்தைச் சங்கம் என்று சிங்களத்தில் கூப்பிட்டபோது சிரிப்பு கூரையை முட்டியது. ஏஞ்சலினுக்கு அப்படியே திரும்பி பஸ்ஸுக்கு ஓடவேண்டும் போல் இருந்தது. பிள்ளைகள் முதுகில் சிவப்புச் சதுரம் மின்ன, வரிசையாக நிமிர்ந்து நடந்து போனார்கள். வேறு வழியில்லாமல் அவளும் பின்னால் போனாள்.

டெனிஸ்டனுக்கு எதிரே வந்த பையன் நல்ல உயரம். ஆனால் நெருங்க நெருங்கப் புகை வாடை அவன் மூக்கில் ஏறிவிட்டது. கண் கலங்கியது. வாய் பிளந்தது. "ஹச்சி!" என்று தும்மினான்.

டெனிஸ்டன் ஏழு மாதமாக எட்டுக்குப் பிறகு ஒன்பதுதான் செய்து பழகியவன். "க்யூ!" என்று கத்தி ஒரு குத்து வைத்தான். நெஞ்சில் மெதுவாக, அழகாக விழுந்தது. அதற்குப் புள்ளி கொடுப்பதா, தும்முகிற ஆளைக் குத்தலாமா என்று நடுவர்கள் மூன்று பேர் ஐந்து நிமிஷம் கூடிப் பேசி, கொடுத்தார்கள். மிச்ச நேரம் முழுக்க டெனிஸ்டன் வலது என்று நினைத்து இடது பக்கம் விலகி, வந்த அடியையெல்லாம் வாங்கித் தோற்றான். ஆனாலும் அந்த ஒரு புள்ளியை இன்றைக்கும் தேதியோடு சொல்வான்.

அடுத்தது சசியின் காத்தா. அவள் நடுவில் போய் நின்ற பிறகுதான் ஏஞ்சலினுக்கு ஒன்று உறைத்தது. தொடங்கச் சொல்லி நடுவர் வாயால்தான் சொல்வார். இங்கே தரை சிமெந்து. எவ்வளவு உதைத்தாலும் அதிராது. சசி திரும்பி அவளைப் பார்த்தாள்.

நாய்க்கும் வாத்துக்கும் பயந்தவள் நடுவர் மேசைக்கு நடந்து போனாள். அங்கே தலைமை நடுவராக நீலக் கோட்டுப் போட்ட ஒரு சிங்களப் பெண் இருந்தார். "மிஸ், மே லமயாட்ட கன் எஹென்னே நே" என்றாள் ஏஞ்சலின். இந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. அது வரை நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. காதைத் தொட்டுச் சசியைக் காட்டினாள்.

நீலக் கோட்டு அம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சிவப்புக் கொடியை எடுத்து, சசிக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, கீழே இறக்கினார். சசி தொடங்கினாள். முடிவில் அவள் போட்ட கியாய் சத்தத்தில் ஒலிபெருக்கி தானே ஒருமுறை கீச்சிட்டு நின்றது. முதல் சுற்றில் பன்னிரண்டு பேரில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி.

கீழ் டிவிசன் பிள்ளைகள் குதித்தார்கள். ஏஞ்சலின் குதிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் வேறு காத்தா செய்யவேண்டும். சசிக்குத் தெரிந்த வேறு காத்தா ஒன்றே ஒன்றுதான்.

கொடி இறங்கியது. பாதி வரை எல்லாம் ஒழுங்கு. பிறகு சசி மரத்தடியில் குனிந்தாள். பால் வெட்டினாள். சிரட்டையைத் துடைத்தாள், வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு தீவிரம். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மூன்று தரம் தட்டி, மண்டபம் குலுங்கக் கத்தி முடித்தாள். பின் வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்கள்.

நீலக் கோட்டு அம்மா கீழ் டிவிசன் ஆட்களைக் கூப்பிட்டார். "மேக்க மொன ஷைலியத?" இது எந்தப் பாணி என்று கேட்டார்.

டெனிஸ்டன் ஒரு அடி முன்னால் வந்தான். "ரபர் ஷைலிய, மிஸ்."

மற்ற நடுவர்கள் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார்கள். இனி ஒளித்து என்ன செய்வது? ஏஞ்சலின் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினாள். பச்சை பெல்ட், பாதிக் காத்தா, மூடிய கார்மெண்ட்ஸ், பனிஸ் வரைக்கும் சொன்னாள். சுப்பர்வைசர் தானாகத்தான் விழுந்தார் என்பதையும் சொன்னாள். அதை யாரும் கேட்கவேயில்லை.

"சரி, கடைசியில் காலைத் தட்டியது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கூடெல்லோ, மிஸ்" என்றாள். அட்டை.

அதற்கு மேல் அந்த அம்மாவால் முடியவில்லை. கோட்டுப் பொத்தான் தெறிக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லாத காத்தாவுக்குப் புள்ளி போட முடியாது, சட்டம் அப்படி என்று வருத்தமாகச் சொன்னார். அதனால் மெடல் இல்லை. "ஆனால் இந்த மண்டபத்தில் இவ்வளவு தாழ்ந்து, இவ்வளவு உறுதியாக நின்ற பிள்ளை வேறு கிடையாது. எங்கே பழக்குகிறீர்கள்? நான் வந்து பார்க்கலாமா?" என்றார்.

பங்குபற்றியதற்குப் பத்துச் சான்றிதழும் பத்துச் சாப்பாட்டுப் பார்சலும் கிடைத்தன. சான்றிதழில் கரத்தை என்றே அச்சடித்திருந்தது. யோகராஜ் மகளுடையதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

சொன்னபடியே அந்த அம்மா மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் புகைக் காம்பராவுக்கு ஏறி வருகிற வழியில் அவர் காலில் அட்டை ஏறிவிட்டது. பிளக் பெல்ட் மூன்றாம் தரம் முடித்தவர், ஏஞ்சலினே வெட்கப்படுகிற மாதிரி கத்தினார். சசி கணுக்காலிலிருந்து பிய்த்து வீசி, கண்ணை முட்டையாக்கிக் காட்டினாள். பிறகு யோசித்துவிட்டு அதையே இரண்டு தடவை காட்டினாள். அந்த அம்மாவுக்கு அதுவே பேராகிவிட்டது.

அவர் இரண்டாவது காத்தாவின் மறுபாதியை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். எட்டு மாதத்தில் பெல்ட் பரீட்சை வந்தது. ஒன்பது பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். ஏஞ்சலினும் அடுத்த பெல்ட்டுக்காக அவர்களோடு ஒரே வரிசையில் நின்றாள். பிள்ளைகள் ஒன்பது பேரும் பாஸ். ஏஞ்சலின் பெயில். மனசு புதுப் பாதியைத்தான் நினைத்தது. ஆனால் அந்த இடம் வந்ததும் கை தன் பாட்டுக்குப் பால் வெட்டப் போய்விட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளைகள் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். பஸ் ருவன்வெல்லவைத் தாண்டும்போது ஏஞ்சலினுக்கே பொறுக்கவில்லை. "அடே, பாஸ் பண்ணுனவங்க சிரிச்சா என்னா?" என்றாள். அவ்வளவுதான், பஸ் வீடு வரை ஆடிக்கொண்டே வந்தது. லயத்தில் தெரேசம்மா விஷயத்தைக் கேட்டாள், ஐந்து நிமிஷம் யோசித்தாள், பிறகு வாசலுக்குப் போனாள். "பரீட்ச வைக்கிறவங்களுக்கு இவ கிட்ட வரவே பயமாம்" என்று பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்வது ஏஞ்சலினின் காதில் விழுந்தது.

அதன் பிறகு தினமும் பின்னேரம், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், சசி அவளைப் புகைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்றாள், டெனிஸ்டனுக்கு வந்த கதி வரக்கூடாது என்று. அந்த இடம் வரும்போது ஏஞ்சலினின் கை சாய்ந்து இறங்கப் பார்த்தால், ஒரு ரப்பர்த் துண்டால் மணிக்கட்டில் 'சட்' என்று ஒன்று விழும். ஏஞ்சலின் "ஆ" என்பாள். சசிக்குக் கேட்காது, ஆனால் எப்படியோ தெரிந்துவிடும், சிரிப்பாள். இரண்டாம் தரமும் பெயில். மூன்றாம் தரம், கையைப் பிடித்து நிறுத்தியவள் மாதிரி நின்று நிதானித்து, பாஸ் பண்ணினாள். அந்த நாளில் சசிக்கும் அதே நிற பெல்ட் கிடைத்தது. தரையை உதைத்து எண்ணுகிற வேலையை அதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போது வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் நாலு பேர் அம்மாமார். போன மாதம் மேல் டிவிசனிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னப்பிள்ளைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

"இங்க மாஸ்டர் யாருங்க?" என்று அந்த அம்மா கேட்டாள்.

ஏஞ்சலின் சசியைக் காட்டினாள். சசி ஏஞ்சலினைக் காட்டினாள். டெனிஸ்டன், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன்னைக் காட்டிக்கொண்டான். சின்னப்பிள்ளை மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சேலையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, நேரே போய் முதல் வரிசையில் நின்றுகொண்டது.